நெல்லையில் ஒரு காதல் நகைச்சுவைப் படம்: முதல்முறை எடுக்கப் போகிறவர்களுக்கு

கையில் ஒரு கேமராவோ நல்ல கைபேசியோ கிடைத்ததும் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் எடுக்க நினைப்பது காதல் கதையைத்தான். நாலு இடத்திலாவது பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இப்படி எடுக்கப்படும் குறும்படங்கள் பலவற்றில் காதல் ஒரு பக்கம் நடக்கிறது. நகைச்சுவை நாயகனின் நண்பன் வாயில் இன்னொரு பக்கம் நடக்கிறது. இரண்டும் ஒட்டுவதில்லை.

ஒட்ட வைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். இருவரையும் சேரவிடாமல் எது தடுக்கிறதோ, அதிலிருந்தே சிரிப்பும் வர வேண்டும். கதை யோசிப்பதில் தொடங்கி திரையிடுவது வரை, இதை அடிப்படையாக வைத்தே சொல்கிறேன். இருபது நிமிடக் குறும்படத்தை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். முழுநீளப் படத்துக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் தடையை முடிவு செய்யுங்கள்

கதாநாயகன் பெயர், அவன் ஓட்டும் வண்டி, அறிமுகக் காட்சி எல்லாம் பிறகு இருக்கட்டும். அவர்கள் ஏன் சேர முடியவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "அப்பா சம்மதிக்கவில்லை" என்று எழுதினால் அது போதாது. எல்லா ஊரிலும் அப்பா சம்மதிப்பதில்லை. நெல்லையில் மட்டும் நடக்கக்கூடியதாக அந்த வாக்கியம் இருக்க வேண்டும்.

இங்கே முன்பின் தெரியாதவர் என்று யாரும் நெடுநேரம் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். இரண்டாவது கேள்வியில் தாத்தா பெயர் வந்துவிடும். மூன்றாவதில் உறவு முறை வந்துவிடும். இதையே தடையாக வைத்துப் பாருங்கள். ஒரு ஆச்சி தாய்வழியாக எண்ணிப் பார்த்து, இருவரும் அண்ணன் தங்கை முறை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள். இன்னொரு ஆச்சி தகப்பன் வழியாக எண்ணி, கட்டிக்கொள்ளும் முறைதான் என்கிறாள். இரண்டு ஆச்சிகளுக்கும் முப்பது வருடப் பகை. காதலர்கள் தங்கள் கல்யாணத்துக்காக அந்த இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தாக வேண்டும். இந்தக் கதையில் நகைச்சுவைக்கென்று தனியாக ஒரு நண்பன் தேவைப்படுவதில்லை. தடையே சிரிப்பைக் கொண்டுவந்துவிடுகிறது.

அடுத்தது, எங்கே சந்திப்பார்கள்?

தாளில் ஊரை வரையுங்கள். டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை மூன்றையும் போடுங்கள். டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ரயில் பாதை, அதன்மேல் ஈரடுக்கு மேம்பாலம். ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நடுவே தாமிரபரணி, அதன்மேல் 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம். உங்கள் நாயகி எங்கே குடியிருக்கிறாள், எங்கே படிக்கிறாள் அல்லது வேலை பார்க்கிறாள், எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தைக் கடக்கிறாள் என்று குறியுங்கள். நாயகனுக்கும் அப்படியே. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் உங்களுடைய காட்சிகள். ஈரடுக்குப் பாலத்தில் மேலே பஸ்ஸில் ஒருவர், கீழே சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருக்க, இருவரும் கைபேசியில் "நான் பாலத்தில்தான் இருக்கிறேன், உன்னைக் காணோமே" என்று சொல்லிக்கொள்வதை வேறு எந்த ஊரில் எடுக்க முடியும்?

பஸ் காட்சி எழுதுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, கூட்டத்தில் கைமாற்றிக் கொடுத்து அறிமுகமாகும் பழைய காட்சியை இன்று வைத்தால், நாயகி கையில் ஏற்கெனவே கட்டணமில்லாச் சீட்டு இருக்கும். பழைய காட்சிதான் வேண்டுமென்றால் அதை இப்போது திருப்பிப் போடலாம். அவசரத்தில் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் அவன். நடத்துநர் முன்னால் விழிக்கிறான். அவனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

பஸ்ஸைவிட ரயில் எனக்குப் பிடிக்கும். நெல்லையிலிருந்து செங்கோட்டை போகிற பாதையில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஒற்றைப் பாதை என்பதால் எதிர் ரயிலுக்காகக் காத்து நிற்கும் நேரமும் உண்டு. தினமும் ஒரே பெட்டியில் வருகிற இருவருக்கு அந்தக் காத்திருப்பு எத்தனை பெரிய வரம்! ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தெரிந்தவர் ஏறுவார், ஒரு தெரிந்தவர் இறங்குவார், பேச்சு அறுந்து அறுந்து போகும்.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

நாயகன் கல்யாணச் சமையல்காரர் ஒருவரிடம் உதவியாளன். நாயகி கல்யாண வீடியோ எடுக்கும் குழுவில் வேலை பார்க்கிறாள். இருவரும் பிறர் கல்யாணத்தில் மட்டுமே பார்த்துக்கொள்ள முடியும். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சந்திப்பும் இல்லை. ஆடி பிறந்தால் இருவருக்கும் துக்கம். இவ்வளவும் முடிவானபின் ஒரு காட்சிக்கு வாருங்கள்.

நெல்லைச் சைவ வீட்டுக் கல்யாணங்களில் மறுவீட்டுப் பந்திக்குச் சொதி வைப்பது வழக்கம். காய்களை இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, சிறுபருப்பு சேர்த்து, கடைசியில்தான் கெட்டியான முதல் பாலை ஊற்றுவார்கள். ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் திரிந்துவிடும். நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடம் சமையல்காரர் அண்டாவைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

அந்த ஒரு நிமிடத்தில் காட்சியை வையுங்கள். சமையல்காரர் இஞ்சித் துவையலைப் பார்த்துவரப் போகும்போது, "அண்டாவைப் பார்த்துக்கொள்" என்று நாயகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவன் முதல் பாலை ஊற்றுகிறான். அப்போது நாயகி கேமராவோடு உள்ளே வருகிறாள். "ஊற்றியது படத்தில் வரவில்லை, இன்னொரு முறை ஊற்றுங்கள்" என்கிறாள். மாலை மாற்றுவதைக்கூட இரண்டாம் முறை செய்யச் சொல்லிப் பழகியவள் அவள். ஊற்றின பாலை எப்படித் திரும்ப ஊற்றுவது என்று அவன் விளக்கத் தொடங்குகிறான். விளக்கம் பேச்சாகிறது. மூன்று மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிடும் இடத்துக்கு வந்துவிடுகிறான். இவ்வளவு நேரமும் படச்சட்டத்தின் (ஃப்ரேம்) ஓரத்தில் அண்டா தெரிய வேண்டும். நுரை மேலே வருவது நமக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியவில்லை.

நகைச்சுவை வேலை செய்யும் விதத்தை இதில் பார்த்துக்கொள்ளலாம். பார்வையாளருக்கு ஒரு செய்தி கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. ஒரு கெடு ஓடுகிறது. பேசுகிற இருவரும் வேடிக்கை காட்ட முயலவே இல்லை. மிகத் தீவிரமாக இருக்கிறார்கள். அவன் காதலைச் சொல்ல வேண்டும் என்று நமக்கும் ஆசை, சொதி கெட்டுவிடக் கூடாது என்றும் ஆசை. இரண்டில் ஒன்றுதான் நடக்கும். வேடிக்கையான வசனம் ஒன்றுகூட இல்லாமலே அரங்கம் சிரிக்கும். எழுதி முடித்த ஒவ்வொரு காட்சியிலும் "இங்கே அண்டா எது?" என்று கேளுங்கள். விடை இல்லாத காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.

பேச்சு

நெல்லைப் பேச்சு என்றவுடன் வாக்கியத்துக்கு வாக்கியம் "ஏலே" போட்டு எழுதிவிடுகிறார்கள். அப்படி எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை. இந்தப் பேச்சின் உயிர் வினைமுற்றுகளில் இருக்கிறது: "சொல்லுதேன்", "செய்யுதான்", மரியாதைக்கு "போறிய", "வந்தாவ". சேக்காளி, மைனி, பைய, வெரசா போன்ற சொற்கள் தாமாக வந்து விழ வேண்டும். மேலப்பாளையத்து வீட்டுப் பேச்சு வேறு, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்துப் பேச்சு வேறு, தென்காசிப் பக்கம் வேறு. உங்கள் பாத்திரம் எந்தத் தெருவைச் சேர்ந்ததோ அந்தத் தெருவில் ஒருவரைக் கண்டுபிடித்து வசனத்தை வாசிக்கக் கொடுங்கள். எங்கே நாக்குத் தடுக்கிறதோ அங்கே உங்கள் எழுத்து பொய்.

அதோடு ஒரு கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரைக்கதையின் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது சரியான வடிவத்தில் தட்டச்சு செய்தால் ஏறக்குறைய ஒத்துவரும் கணக்கு. நம் பேச்சின் வேகத்துக்கு வாய்விட்டு வாசித்து அளப்பதே நம்பிக்கையானது.

காதல் படத்துக்கு ஒரு வசதியும் இந்தப் பேச்சில் இருக்கிறது. "வாங்க, போறிய" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் "வா, போ"வுக்கு எந்தக் காட்சியில் மாறுகிறார்கள் என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த மாற்றம் நடக்கும் ஒரு வரி, தனியாக ஒரு காதல் பாட்டு செய்யும் வேலையைச் செய்துவிடும்.

எழுத்தில் கவனமாக இருக்க வேண்டியவை

அரிவாளையும் அல்வாவையும் முதல் வரைவில் தொடாதீர்கள். நெல்லை என்றால் இரண்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் எடுத்த படங்கள் போதும். இருட்டுக்கடை முன்னால் மாலையில் நிற்கும் கூட்டத்தில் ஒரு காட்சி வைத்தால் தப்பில்லை. வரிசையில் நிற்கும் இருவரின் முகத்தைக் காட்டுங்கள். இலையில் இருக்கும் அல்வாவை எல்லாரும் காட்டியாகிவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் நாள்தோறும் போவதை நகைச்சுவையாக எழுதாதீர்கள். பின்தொடர்தல் 2013 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கதையாகவே அது பலவீனமானது. அவளுக்கும் விருப்பம் இருந்து, ஊர் குறுக்கே நிற்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. அவளுக்கு விருப்பமே இல்லையென்றால் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அது பயமுறுத்தும் படம். காதலர்கள் இருவருக்கும் பதினெட்டு வயதுக்கு மேல் என்பதையும் கதையில் தெளிவாக்கிவிடுங்கள். பள்ளிச் சீருடைக் காதல் வேண்டாம்.

சாதியைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி ஒரு காட்சியில் சிரிப்பு. அதே கேள்வி இன்னொரு வாயிலிருந்து வரும்போது உயிருக்கே ஆபத்து. காதலுக்காகப் பிள்ளைகளைக் கொன்ற மாவட்டம் இது. நீங்கள் எடுப்பது நகைச்சுவைப் படம் என்பதற்காக அதை இல்லையென்று காட்டினால், ஊரை அறிந்த பார்வையாளர் உங்களை நம்ப மாட்டார். படம் முழுக்க அதைப் பேச வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் ஒருவன் பதில் சொல்லத் தயங்கும் இரண்டு விநாடி போதும். அதைச் சிரிப்பாக மாற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

உடை விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். இங்கே மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுக்குச் சாதி அடையாளம் உண்டு. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கூட்டக் காட்சிக்கு நண்பர்களை அழைத்துவரும்போது அவர்கள் கைகளைப் பாருங்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு கயிறு திரையில் பெரிதாகத் தெரியும். உங்கள் நாயகன் எந்தச் சாதி என்று ஊர் அதை வைத்து முடிவு செய்துவிடும்.

நடிகர்கள்

காதலர்களாக நடிக்க அழகானவர்களைவிட, ஒருவர் பேசும்போது மற்றவர் பேச்சைக் காதால் கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இருவரையும் சேர்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. ஆச்சி, மாமா, டீக்கடைக்காரர் வேடங்களுக்கு அந்தந்த வயதுக்காரர்களையே போடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், சூழ்நிலையைச் சொல்லி அவர்கள் சொல்லும் விதத்தில் சொல்லவிடுங்கள்.

நாட்காட்டியும் காற்றும்

படம் எடுக்க எந்த மாதம் நல்லது என்று கேட்பவர்கள் குற்றாலச் சாரலை நினைத்து ஜூன், ஜூலை என்று சொல்லிவிடுகிறார்கள். படம் அழகாக இருக்கும், ஒலி நாசமாகும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றை நம்பித்தான் கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் மைக்கைத் திறந்தவெளியில் பிடித்தால் வசனத்துக்குப் பதில் இரைச்சல்தான் பதிவாகும். மைக்குக்கு மெல்லிய பஞ்சு உறை மட்டும் போதாது, முடி வைத்த தடித்த உறை வேண்டும். சட்டைக்குள் மறைத்துக் கட்டும் சின்ன மைக் இன்னும் பாதுகாப்பு. அந்த மாதங்களில் பேச்சுக் காட்சிகளை வீட்டுக்குள்ளும் கோயில் பிராகாரம் போன்ற மறைவிலும் வைத்து, வெளியே பேச்சில்லாத காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதங்களில் ஆற்றங்கரைக் காட்சியை நம்பித் தேதி போடாதீர்கள். வயல் பச்சையாக வேண்டுமென்றால் கார் நெல் பருவத்துக்கு ஜூலை, ஆகஸ்ட், பிசான நெல் பருவத்துக்கு டிசம்பர், ஜனவரி. எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் எனக்குப் பிடித்த காலம். வெயில் இன்னும் ஏறியிருக்காது, காற்றும் அடங்கியிருக்கும்.

அனுமதி

சிறிய குழுதானே என்று அனுமதியில்லாமல் போய் நிற்காதீர்கள். ரயில் நிலையமும் ரயிலும் என்றால் தெற்கு ரயில்வே. கோயில் என்றால் அறநிலையத்துறை, அந்தக் கோயிலின் செயல் அலுவலர். சாலை என்றால் காவல்துறையும் மாநகராட்சியும். பாபநாசத்துக்கு மேலும் மாஞ்சோலைப் பக்கமும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றிக் கேமராவைத் திறக்க முடியாது. குற்றாலம் 2019 முதல் தென்காசி மாவட்டம், விண்ணப்பம் அங்கே போக வேண்டும்.

ட்ரோன் வைத்திருக்கிறவர்கள் மாவட்டத்தின் தெற்கே கவனமாக இருக்க வேண்டும். கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம். அரசின் ட்ரோன் வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதியா என்று பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள்.

அனுமதிக் கடிதம் தேவைப்படாத இடத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. குறுக்குத்துறையில் காலை ஒளி அற்புதமாக இருக்கும். ஆனால் அது பெண்கள் குளிக்கும் படித்துறையும்கூட. கேமராவை அவர்கள் பக்கம் திருப்பாமல் கோணம் வைக்க முடியாவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

படப்பிடிப்பு நாள்

கைபேசியில் எடுத்தாலும் ஒளி அளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் நடிகர் நகரும்போதெல்லாம் வண்ணம் மாறும். விநாடிக்கு 25 படச்சட்டங்கள், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு துடிக்காது. கல்யாண மண்டபத்தில் இந்த ஒரு விஷயம் உங்களைக் காப்பாற்றும்.

நகைச்சுவைக் காட்சியை முடிந்தவரை அகலமாக, இருவரும் ஒரே சட்டத்தில் வரும்படி எடுங்கள். சொதிக் காட்சியில் அண்டாவைத் தனியாக வெட்டிக் காட்டினால் பதற்றம் பாதியாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் பேசாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் வெட்டுகளை அதுதான் மறைக்கும். உண்மையான கல்யாணத்தில் எடுப்பதாக இருந்தால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடாத நேரமாகப் பாருங்கள். அந்தப் பாட்டு உங்கள் படத்தில் பதிவானால் உரிமைச் சிக்கல் வரும். பாட்டு வேண்டுமென்றால் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவிடம் பேசிப் பாருங்கள், உரிய சம்பளத்தோடு. காதலர்களின் கதையை அவர்கள் பாடிக்கொண்டே போக, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும் இடத்தில் சிரிப்பு கிடைக்கும்.

தொகுப்பும் திரையிடலும்

முதல் தொகுப்பு எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். படம் எடுத்த நண்பர்களுக்குக் காட்டாமல், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கே கைபேசியை எடுக்கிறார்களோ அங்கே வெட்டுங்கள். சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில் சிரிக்கவில்லையென்றால் பெரும்பாலும் அந்த இடத்தில் தவறு இருக்காது. அதற்கு இரண்டு காட்சி முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒரு தகவலைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

யூடியூபில் வெளியிடத் தணிக்கை தேவையில்லை. கட்டணம் வாங்கித் திரையரங்கில் ஓட்டுவதென்றால் திரைப்படச் சான்றிதழ் வாரியத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும்; அவர்களுடைய மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 2024 முதல், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று நினைத்தால் எழுதும்போதே எந்தப் பிரிவு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, நாய் எதுவாவது நடித்திருந்தால் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் சான்று கேட்பார்கள். படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியது அது. முடித்தபின் ஓடினால் பயனில்லை.

முதல் திரையிடலுக்குப் பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தூய சவேரியார் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, சாரா தக்கர் கல்லூரி என்று நூறாண்டு கண்ட கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. நீங்கள் படித்த கல்லூரியின் தமிழ்த்துறையிலோ காட்சித் தொடர்பியல் துறையிலோ கடிதம் கொடுத்து, தேர்வு இல்லாத வாரமாகத் தேதி கேளுங்கள். ஒலிபெருக்கியை முந்தின நாளே போய்ச் சோதித்துவிடுங்கள். நடித்த ஆச்சிகளை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்து, முன்வரிசையில் இடம் பிடித்து வையுங்கள்.